தாகமுள்ள மண்

காவிரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் எங்கள் வீட்டில் வேலை மும்முரமாக நடக்கும். சுவாமிமலையில் சாமித் திருமேனி வார்க்கிற குடும்பம் எங்களுடையது. பங்குனி பிறந்ததும் ஒரு விடியற்காலையில் தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவார். அவர் கையில் மண்வெட்டி, தோளில் இரண்டு சாக்கு. மணல் திட்டைத் தாண்டி ஆறு வளைகிற ஓரத்துக்குப் போனால், போன வெள்ளம் விட்டுப்போன வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு பாளத்தை உடைத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். அடுத்தது என் முறை. என் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைப்பார்.

"எப்படி இருக்கு? நெருநெருன்னு இருக்கா, மாவாட்டம் இருக்கா?"

"மாவாட்டம் இருக்கு தாத்தா."

"அப்ப அள்ளு."

எனக்கு அப்போது எட்டு வயது. என் சொல்லைக் கேட்டுத்தான் தாத்தா மண் எடுக்கிறார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை அவர் கடைசிவரை கலைக்கவில்லை. எங்கள் முன்னோர் தஞ்சைப் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் வேலை பார்த்துவிட்டு, இந்த மண்ணுக்காகவே இங்கே தங்கிவிட்டார்கள் என்பது எங்கள் பட்டறைகளில் வழிவழியாகச் சொல்லிவருவது. அந்த வண்டலின் வழவழப்பை உள்ளங்கையில் உணர்ந்தவர்களுக்கு இதில் சந்தேகம் வராது. மெழுகில் கீறிய கண் இமையின் கோட்டைக்கூட இந்த மண் அப்படியே வாங்கிக்கொள்ளும்.

அந்த வருடம் குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் ஊர்க் கோயிலில் நடராசர் இருந்தார். பக்கத்தில் அம்பாள் இல்லை. எந்தக் காலத்தில் காணாமல் போனாள் என்று யாருக்கும் நினைவில்லை. திருவாதிரைக்குச் சாமி தனியாகவே புறப்பாடு போகிறார் என்று சொல்லும்போது அவர்களில் மூத்தவருக்குக் குரல் கம்மியது. "ஸ்தபதியாரே, எங்க சாமிக்குத் துணை வேணும்" என்றார். தாத்தா வெற்றிலைத் தட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒன்றரை முழ உயரத்தில் சிவகாமி அம்மை என்று முடிவாயிற்று.

முதலில் ஓலை. தென்னங்கீற்றிலிருந்து ஓர் இலையைக் கிழித்து, நடுநரம்பை நீக்கி, ஆகப்போகும் உயரத்துக்கு நறுக்குவார் தாத்தா. அதை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பிலிருந்து நாபி இவ்வளவு என்று மடிப்பிலேயே உடம்பைப் பிரித்துவிடுவார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தச தாளம், மொத்த உயரம் 124 பங்கு. அம்பாளுக்கு மத்திம தச தாளம், 120 பங்கு. பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்குச் சொல்லித் தருவதற்கு முன்பே ஓர் ஓலையைக் கண்ணால் பார்த்துப் பத்தாக மடிக்க எனக்குத் தெரியும். ஒவ்வொரு திருமேனிக்கும் புது ஓலைதான். காய்ந்த ஓலை சுருங்கும், அளவு பொய்த்துவிடும். வேலை முடிந்ததும் பழைய ஓலையைத் தாத்தா அடுப்பில் போட்டுவிடுவார்.

பிறகு மெழுகு. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் இடித்துப் போட்டு, கடலை எண்ணெய் விட்டுக் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் விழவைப்பார்கள். விழுந்ததும் பழுப்பு நிறத்தில் திரண்டு நிற்கும். தெருவுக்கே அந்த மணம் போகும். கையில் வைத்துப் பிசையப் பிசைய அது இளகும். தண்ணீரில் நனைத்தால் இறுகும். தலை தனி, கை தனி, உடம்பு தனி. நுனி தட்டையான இரும்புக் கோலைத் தணலில் காய்ச்சி, இரண்டு துண்டுகளின் விளிம்பையும் ஒரு கணம் தொட்டு ஒட்டும்போது மெல்லிய புகை எழும். அப்பா அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்வார். இருபது நாளில் அவள் எழுந்து நின்றாள். வலக்கை பூவுக்காக விரல் குவித்து, இடக்கை தொங்கி, இடுப்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. எனக்கு அவளைப் பார்க்கும்போது என் சித்தி குளத்துப் படியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பது நினைவுக்கு வரும்.

நகைகளுக்கு மெழுகு நூல் வேண்டும். அதைத் திரிப்பது என் வேலை. பலகையில் தண்ணீர் தடவி, மெழுகை உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டினால் நூல் நீளும். சேமியா மாதிரி சீராக வரவேண்டும். ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்தால் தாத்தா ஒன்றும் சொல்லமாட்டார், எடுத்து உருட்டி என் முன்னால் வைத்துவிடுவார். நாலாவது நாள் ஒரு நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது போதும். வலது காலுக்குப் பாதசரம். வா, நீயே வை."

நான் வைத்தேன். என் சுண்டுவிரல் நகம் பட்டு நூலில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சரிசெய்யாமல் நிமிர்ந்தார்.

முடிந்த மெழுகை நிறுத்துப் பார்ப்பார்கள். மெழுகு ஒரு பங்கு என்றால் செம்பும் பித்தளையும் எட்டு மடங்கு என்று 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் செய்த மானசோல்லாசம் சொல்வதைப் பின்னாளில் படித்தேன். தாத்தா அந்த நூலின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. ஆனால் தராசில் மெழுகை வைத்ததும் அவர் உதடு அசையும், உலோகக் கணக்கு வந்துவிடும்.

அதன் பிறகு மண் பூச்சு. முதல் பூச்சுக்குத்தான் நாங்கள் ஆற்றிலிருந்து கொண்டுவந்த வண்டல். அதோடு உமிக்கரியைச் சேர்த்து அம்மியில் அரைக்க வேண்டும். பாட்டியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அரைப்போம். முழங்கைவரை கறுத்துவிடும். அந்தக் குழம்பைத் தாத்தா அம்மையின் மேல் தடவும்போது, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது போலிருக்கும். காது மடல், விரல் இடுக்கு, அக்குள் என்று ஓரிடத்தை விடமாட்டார். நிழலில் உலர்த்திவிட்டு, அதன்மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்து இரண்டாம் பூச்சு. அதற்கும்மேல் முரட்டு மணல் கலந்து மூன்றாவது. இரும்புக் கம்பியால் வரிந்து கட்டி, மீண்டும் மண். கடைசியில் அவள் மறைந்துபோனாள். பலாப்பழம்போல ஒரு மண் உருண்டைதான் பட்டறை மூலையில் கிடந்தது. அதைக் கரு என்பார்கள்.

கருவைச் சுடுகிற அன்று எனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது. வறட்டி அடுக்கித் தீ மூட்டினார்கள். கொஞ்ச நேரத்தில், அடிப்பக்கம் விட்டிருந்த துளை வழியாக மெழுகு சொட்டியது. முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு நூல், பிறகு ஒழுகியோடியது. கீழே வைத்திருந்த சட்டியில் தேங்கியது. அந்தச் சட்டியை எட்டிப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்த முகம், அந்த இடுப்பு, நான் திரித்த பாதசரம் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. ஓவென்று அழுதேன். அம்மா ஓடிவந்தாள். தாத்தா தீயை விட்டு அசையாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"போனாத்தான் கண்ணு வருவா. அவ இருந்த இடத்த மண்ணு ஞாபகம் வெச்சிருக்கும்."

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாட்டி மடியில் போட்டுக்கொண்டு கோனேரிராசபுரத்துக் கதையைச் சொன்னாள். அந்த ஊர் எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. திருநல்லம் என்பது அதன் பழைய பெயர். செங்கல்லாக இருந்த அந்தக் கோயிலைத் தன் கணவர் கண்டராதித்தர் பெயரால் கருங்கல்லில் எடுத்தவர் செம்பியன் மாதேவி. இளமையில் கணவனை இழந்து, பிறகு நெடுங்காலம் ஊர் ஊராகக் கோயில்களைக் கல்லாக்கியும் திருமேனிகளை எழுந்தருளச் செய்தும் வாழ்ந்த சோழப் பேரரசி அவர். பாட்டிக்கு வருடங்கள் தெரியாது, கதை தெரியும். பெரிய நடராசர் வேண்டுமென்று ஒரு ராசா உத்தரவு போடுகிறான். ஸ்தபதி வார்க்கிறார், பின்னமாகிறது. மறுபடி வார்க்கிறார், மறுபடி பின்னம். கெடு முடியப்போகிறது. உலையில் உலோகம் கொதிக்கிறது. வாசலில் ஒரு கிழவனும் கிழவியும் வந்து, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொடு என்கிறார்கள். மனம் நொந்திருந்த ஸ்தபதி, இங்கே தண்ணீர் எது, கொதிக்கிற உலோகம்தான் இருக்கிறது, வேண்டுமானால் குடியுங்கள் என்கிறார். அவர்கள் வாங்கிக் குடிக்கிறார்கள். குடித்ததும் நடராசராகவும் அம்மையாகவும் நின்றுவிடுகிறார்கள்.

"சுடலையா பாட்டி?"

"தாகம் அப்படி" என்றாள் பாட்டி.

அந்தப் பதில் எனக்குப் புரிந்தது மறுநாள்தான். விடிவதற்கு முன்பே உலை மூட்டியிருந்தார்கள். தரையில் குழி தோண்டி, மறுபடி காய்ச்சிய கருவை வாய் மேல்நோக்கி இருக்கும்படி புதைத்து, சுற்றிலும் மண்ணிட்டு இறுக்கினார்கள். கருவின் சூடு ஆறுவதற்குள் வார்க்க வேண்டும். ஆறிவிட்டால் உலோகம் விரல் நுனிவரை ஓடாமல் நடுவழியில் நின்றுவிடும். தாத்தா அதை இப்படிச் சொன்னார்: "தாகம் இருக்கும்போதே குடுத்துடணும். இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிடும்."

குடமுருட்டிக் கரை ஊர்க்காரர்கள் கட்டை வண்டியில் வந்து சேர்ந்தார்கள். மூசையில் செம்பு உருகிக்கொண்டிருந்தது. துருத்தியின் ஒவ்வொரு மூச்சுக்கும் தீயின் நாக்கு பச்சையாக எழுந்து அடங்கியது. பித்தளையும் கொஞ்சம் ஈயமும் முன்பே சேர்ந்திருந்தன. பஞ்சலோகம் என்று நாங்கள் சொன்னாலும் உடம்பு முழுக்கச் செம்புதான். தங்கமும் வெள்ளியும் நேர்ந்துகொண்டவர்கள் போடுகிற அளவுதான். பெரிய கோயில் கல்வெட்டுகளும் இவற்றைச் செப்புத் திருமேனி என்றே குறிக்கின்றன. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வெள்ளிக் காசு, மெட்டி, தங்கப் பொட்டு என்று மூசையில் போட்டார்கள். கடைசியில் ஒரு பாட்டி வந்தாள். மடியில் எதையும் முடிந்து கொண்டுவரவில்லை. எல்லோரும் பார்த்திருக்க, மூக்கிலிருந்து மூக்குத்தியைத் திருகிக் கழற்றினாள். பல வருடம் கழற்றாதது போலும். வலியில் கண் கலங்கியது. தாத்தா இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கி மூசையில் விட்டார்.

வார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் குறட்டால் மூசையைத் தூக்கிச் சரித்தார்கள். தாத்தாவின் கண் கருவின் வாயிலேயே இருந்தது. பெருவிரல் பருமனில், அறுபடாமல், ஒரே ஒழுக்காக அந்த ஒளி உள்ளே இறங்கியது. நின்று ஊற்றினால் மடிப்பு விழும். எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவும் கொடுத்தார்கள். கருவின் வாயில் உலோகம் நிரம்பி மினுங்கியபோது தாத்தா, "போதும்னு சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் வேட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கருவை உடைத்தார்கள். ஒரு கருவில் ஒரு திருமேனிதான். உடைந்த மண்ணில் இன்னொன்று பிறக்காது. கரிந்த மண் உதிர உதிர, கறுப்பும் சிவப்புமாக ஒரு தோள் தெரிந்தது. பிறகு மூக்கு. நான் நேராகக் காலடிக்குப் போய் உட்கார்ந்தேன். வலது பாதசரத்தில் என் நகம் பதித்த பள்ளம் இருந்தது. மெழுகு சட்டியில் கிடக்கிறது, மண் தரையில் கிடக்கிறது, பள்ளம் மட்டும் வந்துவிட்டது. என் அழுகை எல்லாம் அன்றைக்குத் தீர்ந்தது.

இனி அரமும் உளியும் கொண்டு மாதக்கணக்கில் வேலை. முகத்தில் உளி வைக்கும் முன் தாத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. "ஒரு தடவ தஞ்சாவூர் போயி, பெரியவங்களப் பாத்துட்டு வந்துடறேன்" என்பார். அந்த முறை என்னையும் அழைத்துப் போனார். பட்டறையில் வெறுங்காலோடு திரிகிறவர், அன்று தோல் செருப்புப் போட்டுக்கொண்டார். சுவாமிமலை நிலையத்தில் பாசஞ்சர் ஏறினோம். பாபநாசத்தில் வாங்கித் தந்த வெள்ளரிப்பிஞ்சின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

பெரியவர்கள் என்று அவர் சொன்னது அரண்மனைக் கலைக்கூடத்தில் இருந்தவர்களை. 1951இல் தொடங்கிய அந்தக் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே வரிசையாக நின்றவர்கள் மேல் பட்டு இல்லை, பூ இல்லை, விபூதி இல்லை. ஊர்க் கோயில்களில் அலங்காரத்துக்குள் மட்டுமே சாமியைப் பார்த்துப் பழகிய எனக்குக் கூச்சமாக இருந்தது. தாத்தா அவர்களைக் கடந்து, நேராகத் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் போய் நின்றார். 1011ஆம் ஆண்டு, ராசராசன் காலத்துத் திருமேனி; மண்ணுக்கடியிலிருந்து மீண்டு வந்தது. பாம்பும் சடையும் பிரித்தறிய முடியாமல் சுற்றிய தலைப்பாகை. ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் குறுக்கே வைத்து, வலக்கையைப் பக்கவாட்டில் எதன் மேலோ வைத்திருக்கிறார். அங்கே ஒன்றுமில்லை.

"காள எங்க தாத்தா?"

"கிடைக்கல. போயிடுச்சு." சற்றுப் பொறுத்து, "அந்தக் கையப் பாரு. காளயோட முதுகு எவ்வளவு ஒசரம், எவ்வளவு அகலம், அது அசையாம நிக்குதா, தலைய ஆட்டுதான்னு எல்லாம் அந்தக் கையில இருக்கு" என்றார்.

பார்த்தேன். கொஞ்ச நேரத்தில், திமிலுக்கு முன்னால் அந்தக் கை அழுந்துவது தெரிந்தது. கருவுக்குள் மெழுகு போன இடமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. இல்லாத ஒன்றின் உருவத்தை இருப்பது தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. தாத்தாவின் விரலை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

தாத்தா இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்துக் கண்ணுக்கு நேரே தூரத்தில் பிடித்து, அந்த முகத்தை அளந்தார். "அவங்க மெழுகுலயே முடிச்சுட்டாங்க கண்ணு. உளி பட்ட இடமே தெரியல பாரு. நாமதான் முடிக்கத் தெரியாம உளியில போயி முடிக்கிறோம்." அவர் குரலில் வருத்தமில்லை, பணிவுதான் இருந்தது.

வெளியே வந்து பெரிய கோயிலுக்கு நடந்தோம். சுற்றிலும் எழுத்து ஓடிய அதிட்டானத்தைக் காட்டி, "இதுல சாமிங்க கணக்கு எல்லாம் இருக்காம்" என்றார். அவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் பிறகு கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

கணக்கு உண்மையிலேயே இருக்கிறது. 1010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள் ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல், விரலுக்கும் கீழே எத்தனை தோரை, எத்தனை கை, பீடம் எப்படி என்று எழுதியிருக்கிறது. அவற்றுக்கு அணிவித்த நகைகளின் பொன்னை ஆடவல்லான் என்ற கல்லால் எடை போட்டிருக்கிறார்கள். மணிகளைத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல்லால். எடைக்கல்லுக்கே சாமியின் பெயர். ஆடவல்லானுக்குத் துணையாக உமாபரமேசுவரியை எழுந்தருளச் செய்தவர் குந்தவை. தன் தந்தை சுந்தர சோழருக்கும் தாய்க்கும்கூட அவர் படிமம் வைத்தார். ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி நாயன்மார்களை வைத்தார். நம்பி ஆரூரரும் நங்கை பரவையாரும் திருநாவுக்கரையரும் திருஞானசம்பந்தரும் செம்பில் நின்றார்கள். ஊர் ஊராக நடந்து பாடியவர்கள் மறுபடி வீதியில் நடக்கத் தொடங்கினார்கள்.

செம்பு வந்ததும் நடந்ததே அதுதான். கருவறையில் இருக்கும் மூலவர் கல், அசைய மாட்டார். அவரிடம் நாம்தான் போக வேண்டும், போக முடிந்தவர்கள்தான் போகலாம். உற்சவர் வெளியே வருகிறார். பழைய திருமேனிகளின் பீடத்தில் தண்டு கோக்கத் துளையும் வளையமும் இருப்பதைப் பார்க்கலாம். ராசாவைப் போல நகை பூண்டு, குடை பிடித்து, தோளில் ஏறி, சாமி தெருவுக்கு வந்து சனங்களைப் பார்த்தார். நோயாளியும் கிழவியும் கைக்குழந்தைக்காரியும் அவரவர் வாசலிலேயே நின்று கும்பிட்டார்கள். தஞ்சையின் வயல்வளமும், போரில் வந்த பொன்னும், கடல்வழி வணிகமும் உலோகமாக உருகி, கடைசியில் ஓர் ஏழையின் வாசலுக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

எல்லா வாசலுக்கும் போனதில்லை. அதையும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. ஊரில் வரி கட்டவேண்டாத நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் கம்மாணசேரியும் தனியாக வருகின்றன. கம்மாணசேரி என்ற சொல்லை முதன்முதலில் படித்த அன்று நான் மேலே படிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவிட்டேன். கம்மாளர் குடியிருந்த சேரி. என் தாத்தாவின் தாத்தாவுக்கும் தாத்தாக்கள் இருந்த இடம். கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று கம்மாளருக்குச் சில உரிமைகளை அளிக்கிறது: நல்லதுக்கும் கெட்டதுக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு இட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் ஆணையிட்டுத் தரவேண்டியிருந்தது என்றால், அதுவரை இல்லை என்றுதான் அர்த்தம். பரமசிவனின் பாதத்துக்குச் சிலம்பு வார்த்தவன் தன் பாதத்துக்குச் செருப்பிட அரசனிடம் கேட்டு நின்றிருக்கிறான். கலைக்கூடத்து வாசலில் தாத்தா கழற்றி வைத்த தோல் செருப்பு அப்போது என் கண்முன் வந்து நின்றது.

தஞ்சைக் கல்வெட்டில் திருமேனியை எழுந்தருளச் செய்தவர் பெயர் இருக்கிறது. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. ஆடிய பெண்டுகள் நானூறு பேரின் பெயர் இருக்கிறது. உலையின் முன்னால் நின்று அந்தச் செப்புத் திருமேனிகளை வார்த்தவன் பெயரை அந்த வரிகளில் நான் கண்டதில்லை. காளையைத் தேடியது போல அவனையும் தேடுகிறேன். ரிஷபவாகனரின் கையைப் பார்த்தால் காளை தெரிவது போல, அவர் இடுப்பின் சாய்வைப் பார்த்தால் மெழுகில் அழுந்திய கட்டைவிரல் ஒன்று தெரிகிறது.

அப்படி வார்த்தவற்றில் பல திரும்ப மண்ணுக்குள்ளேயே போயின. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்புகளின்போது பல ஊர்களில் திருமேனிகளைக் குழி தோண்டி மணலிட்டுப் புதைத்தார்கள். இடம் தெரிந்தவர்கள் இறந்துபோக, தெய்வங்கள் உள்ளேயே இருந்துவிட்டன. 1976இல் பத்தூரில் மண்வெட்டியில் தட்டுப்பட்ட நடராசர் கள்ளத்தனமாகக் கடல் கடந்து, லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1991இல் திரும்பி வந்தார். அந்தச் செய்தியைப் படித்துச் சொன்னபோது தாத்தாவுக்குக் கண் மங்கியிருந்தது, காது மங்கவில்லை. "மண்ணு காப்பாத்திக் குடுத்துச்சு, மனுசன் வித்துட்டான்" என்றார்.

எங்கள் சிவகாமிக்குக் கண் திறந்தது அந்த ஆனி மாதத்தில். கோயில் மண்டபத்தில் திரை கட்டி, உள்ளே தாத்தா மட்டும் தங்க உளியோடு இருந்தார். திரை விலகியதும் அவள் முன்னால் கண்ணாடி காட்டினார்கள், பசுவும் கன்றும் நிறுத்தினார்கள், நெல்லும் கனியும் வைத்தார்கள். தாத்தா இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பினார். நான் வழக்கம்போல அம்மையின் காலைத் தொடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நாம தொடக்கூடாது கண்ணு."

"நாமதானே தாத்தா செஞ்சோம்?"

"நேத்துவரைக்கும்."

அன்றிரவு புறப்பாடு. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் சீறின. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த ஊர் நடராசர் துணையோடு வந்தார். அவளுக்குப் பட்டும், கழுத்து நிறையக் கதம்பமும். தாத்தா ஓலை மடித்து அளந்த மார்பும், அப்பா மூச்சடக்கி ஒட்டிய தோளும், நான் சித்தியைக் கண்ட இடுப்பும் பட்டுக்குள் மறைந்துவிட்டன. ஊர்ப் பெரியவர் தாத்தாவைப் பல்லக்குக்கு அருகே வரச்சொல்லிக் கூப்பிட்டார். தாத்தா கும்பிட்டுவிட்டு என்னை அழைத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனார். அங்கே, அந்த நாளில் சாமி அதற்குமேல் போகாத வளைவில், வயல்வேலை பார்க்கிற சனம் பிள்ளைகளோடு இருட்டில் நின்றிருந்தது. மூக்குத்தி கொடுத்த பாட்டியும் அங்கேதான் நின்றாள். அவள் மூக்கில் துளை மட்டும் இருந்தது. என்னை அடையாளம் கண்டு கன்னத்தை வழித்து, "என்னுது அவகிட்ட இருக்கு ஆயி" என்றாள்.

பல்லக்கு வளைவில் நின்றது. முன்னால் நின்றவர்கள் உயரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தாத்தா குனிந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தீபம் காட்டினார்கள். காற்றில் பட்டின் ஓரம் ஒரு விரற்கடை விலகியது.

"தாத்தா, பாதசரம்!"

"தெரியுதா?"

"தெரியுது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே, ஈரம் காயாத வண்டல் தெருவில், வெறுங்கால்களை நன்றாக ஊன்றி, பல்லக்கு திரும்பிப் போகும்வரை என்னை இறக்காமல் நின்றார்.